ஈரல் போடாத பங்கு

“ஈரல் இல்லாத பூடேனை நாய்கூட மோந்து பாக்காதுடி.”

“நாய்க்கு யாரு செய்யறா? அந்தச் சட்டில கை வைக்காதண்ணே, சொல்லிட்டேன்.”

ஓவீத் கையை எடுக்கவில்லை. தங்கை அசேலி வெங்காயத்தாள் நறுக்கின கத்தியைக் கீழே வைக்கவில்லை.

தவக்காலத்துக்கு முந்தின சனிக்கிழமை. விடியும்போதே பன்றியை வெட்டியாகிவிட்டது. ஓவீத்தின் கொல்லையில் தெருவே கூடியிருந்தது. எல்லோருக்கும் கையில் ஒரு வேலை. காது மட்டும் அண்ணன் தங்கை பக்கம்.

வெந்த கறியையும் ஈரலையும் சேர்த்து அரைத்து, சோறும் வெங்காயத்தாளும் மிளகாய்த்தூளும் போட்டுப் பிசைந்து, குடலில் அடைத்தால் பூடேன். எங்கள் லூசியானாவில் ஞானஸ்நானம் ஆன பிள்ளைக்கெல்லாம் இது தெரியும்.

அசேலி மட்டும் ஒன்பது வருஷமாக, ஈரல் விழுவதற்கு முன்பே ஒரு சின்னச் சட்டிக் கறியை ஒதுக்கிவிடுவாள். கேட்டால், பாதிரியாருக்கு ஈரல் ஒத்துக்கொள்ளாது என்பாள்.

ஒன்பது வருஷத்தில் மூன்று பாதிரியார்கள் மாறிவிட்டார்கள். மூவருக்குமே ஒத்துக்கொள்ளவில்லை.

உண்மையில் யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்று தெருவுக்கே தெரியும். பக்கத்து வீட்டு ஹாட்லிக்கு. டெக்சஸில் எண்ணெய் ஆலை வேலைக்குப் போனவன். போகிற அன்று வேலியோரம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரே வருஷம் என்றானாம். கையைப் பிடித்ததைப் பார்த்தவர்கள் நாலு பேர். ஒரே வருஷம் என்றதைக் கேட்டவர்கள் ஏழு பேர்.

இந்தத் தடவை அவன் வருகிறான். முந்தின நாள்தான் அவனுடைய அக்கா எலோடி வாயைத் திறந்தாள். அம்மாவின் வீட்டை விற்கிறார்கள். கையெழுத்துப் போட வருகிறானாம். அதற்கு மேல் என்ன கேட்டாலும், கோழிக்குத் தீனி போடணும் என்று உள்ளே போய்விட்டாள். அந்த வீட்டுக் கோழிகள் அன்று ரொம்பத் தின்றன.

“உன் பாதிரியாருக்கு வேணும்னா பச்சைத்தண்ணி குடு,” என்றான் ஓவீத். ஆனாலும் சட்டியிலிருந்து கையை எடுத்துக்கொண்டு இறைச்சி அரைக்கிற இயந்திரத்துக்குத் திரும்பினான். அந்தக் கோபத்தில் அதைச் சுற்றின சுற்றில் மேசையே நகர்ந்தது.

அந்த ஒரு சட்டியை மட்டும் அசேலி தன் கையாலேயே அடைத்தாள். புனல் மூக்கில் குடலை மாட்டி, கட்டைவிரலால் தள்ளித் தள்ளி. மற்றதோடு கலந்துவிடாமல் முனைகளில் வெள்ளை நூல் கட்டி, தண்ணீர்ப் பானையில் இறக்கினாள். கொதித்தால் குடல் வெடித்துவிடும். தண்ணீர் முணுமுணுக்கத் தொடங்கியதுமே விறகை வெளியே இழுத்தாள். முகத்தில் லேசாகப் பவுடர் வேறு. பன்றி வெட்டுகிற அன்று பவுடர் பூசிய பெண்ணை எங்கள் தெரு அதுவரை பார்த்ததில்லை.

பதினொரு மணிக்குக் கார் வந்தது. முதலில் தொந்தி இறங்கியது, பிறகு ஹாட்லி.

அவள் தட்டை நீட்டினாள். நாங்கள் எல்லோரும் பார்க்காததுபோல் பார்த்தோம்.

அவன் காரில் சாய்ந்துகொண்டு நுனியைக் கடித்தான். குடலைப் பல்லிடுக்கில் இழுத்து, உள்ளே இருந்ததை உறிஞ்சினான். இருபது வயதில் இருந்த அதே அவசரம். அசேலி அவன் வாயையே பார்த்து நின்றாள்.

பாதியில் நிறுத்தினான்.

“இதுல ஈரல் போடலையா அசேலி? எங்க வீட்டுக்காரி ரெண்டு பங்கு போடுவா. தின்னு தின்னு இப்ப எனக்கும் அது இல்லாம இறங்க மாட்டேங்குது.”

எலோடி கோழிக்குத் தீனி போடக் கிளம்பினாள்.

அசேலி வாயைத் திறந்தாள். பாதிரியார் உதடுவரை வந்து நின்றுவிட்டார்.

“நான்தான் மறந்துட்டேன்,” என்றான் ஓவீத்.

இயந்திரத்தை விட்டு வந்து அவள் கையிலிருந்து தட்டை வாங்கினான். “ஈரல் என் பொறுப்பு. பேச்சு சுவாரசியத்துல ஒரு சட்டிக்குப் போடாம விட்டுட்டேன். அவளைக் கேட்டா அவளுக்கு என்ன தெரியும்?”

எங்கள் ஊரில் ஓர் ஆண்பிள்ளை பூடேனுக்கு ஈரல் போட மறந்தேன் என்பதும், வெட்ட வைத்திருந்த பன்றியைத் தப்பவிட்டேன் என்பதும் ஒன்றுதான். காலையிலிருந்து அவன் போட்ட சத்தம் அத்தனை பேர் காதிலும் இருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத்தான் தெரியும்.

“வயசாயிடுச்சுய்யா உனக்கு,” என்று சிரித்தபடி ஹாட்லி பெரிய தட்டிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டான். அசேலி அடுப்புப் பக்கம் போய், புகை அடிக்கிற திசையாகப் பார்த்து நின்றுகொண்டாள்.

ஹாட்லி மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். எலோடி மகளோடு லஃபயெட்டில் இருக்கிறாள். அசேலி அடுத்த வருஷம் ஒரு படகு மெக்கானிக்கைக் கட்டிக்கொண்டு லேக் சார்ல்ஸ் போனாள். நல்ல மனிதன் என்கிறார்கள்.

இப்போதெல்லாம் அவள் பூடேன் செய்வதே இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெட்ரோல் பங்கில் இருக்கிற கடையில் வாங்கி, காரிலேயே உட்கார்ந்து தின்கிறார்களாம். புருஷன் எப்படி நிறுத்தினாலும், வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொல்வாளாம், டெக்சஸ் போகிற சாலையைப் பார்த்தபடி.