ஆயிரத்தில் ஏழு

டெல்மர் ஸ்டோக்ஸுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாது.

போன மாதம் ஹார்லன் என் கடைக்கு ஒரு தோட்டாவைக் கொண்டுவந்து, "எங்கப்பா கண்டுபிடிச்சது" என்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். டெல்மர் வாங்கி ஒரு புரட்டுப் புரட்டினார்.

"உங்கப்பா இல்லடா. ஒரெகன்ல ஒருத்தன் அவருக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே செஞ்சுட்டான்."

ஹார்லன் இன்னும் அவரோடு பேசுவதில்லை.

கம்பெனித் தோட்டா என்றால் அடியில் பெயர் பொறித்திருக்கும், யாரும் சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் ஐடஹோ பக்கம் பாதிப் பேர் சுட்டு முடித்த தோட்டாவின் காலி உறையை எடுத்து, அதன் கழுத்தை இறுக்கி, கழுத்துக்குக் கீழே சரியும் தோளை நிமிர்த்தி, வீட்டுப் பட்டறையிலேயே புதிதாக ஒன்று செய்துகொள்வார்கள். காட்டுப்பூனை என்போம். அடியில் இருக்கும் பெயரை நம்பி வேறு துப்பாக்கியில் போட்டால் முகமே போய்விடும். அதனால்தான் இது எந்தத் தோட்டா என்று கேட்டு நாலு மாநிலத்திலிருந்து டெல்மருக்குப் பார்சல் வரும்.

இந்த வாரம் ஒரு நாள் காலை, டெல்மரும் ஹார்லனும் இன்னும் சிலரும் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, வேட்டைக் காவல் அதிகாரி கூல்ட்டர் உள்ளே வந்தார். ஒரு சின்னப் பையை மேஜைமேல் வைத்தார். உள்ளே ஒற்றைக் காலி உறை.

"மேட்டுல ஒரு பெண் எல்க் மானைச் சுட்டிருக்காங்க, பெரியவரே. வேட்டை சீசனே இல்ல. கறியை அறுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இது பக்கத்துல கிடந்தது. என்னன்னு சொல்லுங்க."

கல்லாவில் நின்றிருந்த ரோண்டாவின் கை நின்றது. நான் பார்த்தேன்.

ரோண்டாவின் கணவன் கார்வின் மரம் வெட்டப் போன இடத்தில் செத்து ஒரு வருஷம் ஆகிறது. மூன்று பிள்ளைகள். மர ஆலையும் மூடிவிட்டது. என் கடையில் அரை நாள் வேலைதான் என்னால் கொடுக்க முடிந்தது.

"டெல்மர், காபி ஆறிப்போச்சு. வேற ஊத்தட்டுமா?" என்றேன்.

"அப்புறம்."

"அவசரம் ஒண்ணும் இல்லையே. வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமா..."

"இதுக்கு எதுக்குய்யா வீடு?"

ஹார்லன்கூட, அவரோடு பேச்சு வார்த்தை இல்லாத ஆள், தொண்டையைக் கனைத்துப் பார்த்தான். டெல்மர் காதில் எதுவும் விழவில்லை. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். உறையைத் தடவினார்.

"அடியில இருக்கிற பேரை விட்டுடுங்க, ஆபீசர். தோள் எவ்வளவு செங்குத்தா இருக்கு பாருங்க. இந்தத் தோளுக்கு இந்த ஜில்லாவுலயே ரெண்டு துப்பாக்கிதான். ரெண்டுக்கும் நானும் செத்துப்போன கார்வினும் சேர்ந்துதான் குழல் கடைஞ்சோம்."

கூல்ட்டர் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தார்.

"எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"வாயை அளந்தாப் போதும். கார்வினோடதுன்னா ஒரு அங்குலத்தோட ஆயிரம் பங்குல இருநூத்தி அம்பத்தொம்பது. என்னோடதுன்னா இருநூத்தி அறுபத்தாறு."

ரோண்டா இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்தக் கிழவரின் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட ஒரு குடும்பத்தையே காட்டிக்கொடுக்கிறாரே!

டெல்மர் சட்டைப் பையிலிருந்து, திரையில் எண் காட்டும் தன் இடுக்கி அளவுகோலை எடுத்து, அதன் மூக்கை உறையின் வாய்க்குள் விட்டு மெல்ல விரித்தார். எண்ணைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இருநூத்தி அறுபத்தாறு."

கூல்ட்டர் பேனாவை நிறுத்தினார். "அப்ப..."

"என்னோடதுதான். நான்தான் சுட்டேன். எழுதிக்குங்க."

"நீங்களா, பெரியவரே?"

"ஏன், எனக்குக் கறி பிடிக்காதா?"

கூல்ட்டர் எழுதினார். துப்பாக்கி பறிமுதல். மூன்று வருஷத்துக்கு வேட்டை உரிமம் கிடையாது. டெல்மருக்கு எழுபத்தாறு வயது. இலையுதிர் காலம் வந்தால் மலை ஏறுவதைத் தவிர அவருக்கு வேறு சந்தோஷம் இல்லை.

"இவரா! ஊரையெல்லாம் திருத்துவாரு," என்றான் ஹார்லன், எல்லாருக்கும் கேட்கும்படி. "சட்டம் மத்தவனுக்குத்தான் போல. திருட்டுக் கிழவன்!"

ஒருவர் சிரித்தார். நானும், வெட்கமாக இருக்கிறது சொல்ல, தலையை ஆட்டினேன்.

டெல்மர் தொப்பியை மாட்டிக்கொண்டார். "வாங்க ஆபீசர், துப்பாக்கியை எடுத்துத் தரேன்."

உறையைப் பையில் போட்டுக்கொண்டு கூல்ட்டர் முன்னால் போனார். டெல்மர் யாரையும் பார்க்காமல் பின்னால் போனார். ஹார்லனும் மற்றவர்களும் அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு எதிர்க் கடைக்கு ஓடினார்கள்.

ரோண்டா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

ஏன் என்று கேட்க வாய் திறந்தவன், டெல்மர் மேஜைமேல் விட்டுப்போன அளவுகோலை எடுத்து வைக்கக் குனிந்தேன். அதன் சின்னத் திரையில் எண் இன்னும் அணையாமல் இருந்தது.

இருநூற்று ஐம்பத்தொன்பது.