ஒரே மாதிரி இரண்டு பால்கனி

"ஒட்டி நிற்கும் வீடுகள் ஒன்றுபோல் இருக்கக் கூடாது என்பது விதி; இருந்தால் நகரத்தின் கற்பனை வளம் குன்றும். விதிவிலக்கு எதற்கு?" என்றது வீட்டு முகப்புகளுக்கு அனுமதி தரும் முகப்பு ஆணையத்தின் இயந்திரம்.

"ரெண்டு வீடும் என் ரெண்டு மருமகளுக்கு சார். ஒருத்திக்கு வளைவு பால்கனி, இன்னொருத்திக்கு வெறும் சுவர்னா என் பசங்க கதி என்னாகுறது?" என்றார் தணிகாசலம்.

இயந்திரம் கூட வந்திருந்த மருமகள்களிடமே கேட்டது.

"நல்லதை அக்காவுக்கே குடுங்க. எனக்கு எதுவா இருந்தா என்ன," என்றாள் இளையவள் பூங்கோதை.

"ஐயோ, அவளுக்கே குடுங்க. எனக்கு எப்பவும் மிச்சம் மீதியே போதும்," என்றாள் மூத்தவள் சாருமதி.

"பரஸ்பர அன்பு உறுதியாகிறது. மனு தேவையற்றது," என்றது இயந்திரம்.

பக்கத்து நாற்காலியில் அரைத் தூக்கத்திலிருந்த ஆணையர் பதறி எழுந்தார். அவருக்கும் இரண்டு மருமகள்கள்.

"ஏய், நிறுத்து!" என்று தன் கையாலேயே ஒப்புதல் போட்டார். "பெரியவரே, கதவு நிறத்தையும் ஒண்ணாவே கேட்டு வாங்கிக்குங்க."