நம்ம ஊடு

“அந்த மாம்பழக் கலரே எடுத்துக்க கண்ணு. உன்ற நெறத்துக்கு எடுப்பா இருக்கும்.”

திரையில் சேலைப் படத்துக்குப் பக்கத்திலேயே வருங்கால மாமியார் வெங்கடலட்சுமியின் வரி வந்து நின்றது. சூலூர் வீட்டில் தன் அறையில் இருந்த பிரீத்திகா சிரித்துக்கொண்டாள்.

அவளுக்கு நிச்சயமாகியிருந்த யஷ்வந்தின் கம்பெனி புதிதாகச் செய்த பிரவுசர் அது. சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் அவனே ஏற்றிக் கொடுத்திருந்தான்.

‘நம்ம ஊடு’ என்று அதில் ஒரு குழு. ஒருவர் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மற்றவர்களும் அங்கே வரலாம், எழுதலாம். வந்தவரின் முகம் ஓரத்தில் பொட்டு அளவுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு முன்பே எல்லோரும் பழகிக்கொள்ளலாம் என்றான்.

சேலை பார்த்து முடிந்தது. முகங்கள் மறைந்தன.

பிரீத்திகா இன்னொரு டேப்பைத் திறந்தாள். குழு சேலைப் பக்கத்தோடு போய்விட்டது என்று நினைத்தாள்.

‘வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?’

ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்புச் சாவியைக் கொடுப்பதால் பயனில்லை.

மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

ஓரத்தில் ஒரு முகம் முளைத்தது. யஷ்வந்த்.

பின்னாலேயே அவன் அம்மா.

“இதை எதுக்குக் கண்ணு படிக்கறே? ஆருக்கு?”

பிரீத்திகா பதில் அடிக்கத் தொடங்கினாள். யஷ்வந்தின் முகத்தைப் பார்த்தாள். அடித்ததை அழித்துவிட்டு, அவன் ஏதாவது எழுதுவான் என்று காத்திருந்தாள்.

அவன் எழுதவில்லை. அவனுடைய பெரியம்மா வந்தார். சித்தப்பா வந்தார்.

கடைசியில் வெங்கடலட்சுமிதான் எழுதினார், பிரீத்திகாவின் அப்பாவுக்கு. காலைவரை அவரைச் சம்பந்தி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, காக்கா வலிப்புக்காரப் புள்ளையை எங்க தலைல கட்டப் பாத்தீங்களே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க. கல்யாணப் பேச்சு இத்தோட நிக்கட்டுங்க.”

அடுத்த வரி அவளுக்கு.

“நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க.”

கண்ணு போய், நீங்க வந்துவிட்டது.

கூடத்துக் கம்ப்யூட்டரில் மணி அடித்தது. “என்ற கண்ணாடி எங்க அம்மணி? சம்பந்தி ஊட்ல இருந்து என்னமோ வந்திருக்குது,” என்றார் அப்பா திருமலைசாமி.

திரையில் அந்த வரிகளுக்குக் கீழே ஒரு கட்டைவிரல் உயர்ந்தது. ஆமோதிக்கும் கட்டைவிரல். யஷ்வந்தினுடையது.

நேற்று அவனோடு காரில் பொள்ளாச்சி போனபோது, கிணத்துக்கடவு தாண்டி டேஷ்போர்டுக்குள் சார்ஜரைத் தேடினாள். கையில் ஒரு மாத்திரை அட்டை வந்தது. அவன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

“எனக்கு வலிப்பு இருக்குது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு.”