கண்ணால கண்ட சாட்சி

உபதேசியார் கதைன்னதும் எல்லாரும் நிமிந்து உக்காந்துட்டீங்க. தெரியும். பைபிள்ல கை வச்சு ஒரு பொய், உடனே கோயில் மணி டாங்குன்னு ஒரு அடி, மனுஷன் மண்டி போட்டு ஓன்னு அழுவாரு. அதானே?

அதுக்காக உக்காந்திருக்கிறவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிடுங்க. எங்க உபதேசியார் சவரிராயன் இந்தக் கதை முடியிற வரைக்கும் ஒரு பொய்கூடச் சொல்லப் போறதில்ல.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்க ஊரு. சாமியாரு மாசத்துக்கு ஒருதரம் பூசைக்கு வந்துட்டுப் போயிடுவாரு. மத்தபடி செபம், புள்ளைங்களுக்கு ஞானோபதேசம் எல்லாம் உபதேசியார்தான். வாரநாள்ல பள்ளிக்கூட வாத்தியாரும் அவரேதான்.

"பொய்ச்சாட்சி சொல்லாதே. எட்டாவது கட்டளை. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல." தொண்டையைச் செருமிக்கிட்டு, ஒரு விரலைத் தூக்கி இப்படித்தான் சொல்லுவாரு.

சொன்னபடி நடக்குற ஆளு. அடுத்த வீட்டுக் கோழி அவரு வைக்கப்போர்ல முட்டை போட்டுச்சுன்னா, முட்டை ஒரு கையி, கோழி ஒரு கையின்னு கொண்டுபோய்க் குடுத்துட்டு வருவாரு. கண்டக்டர் டிக்கெட் போட மறந்துட்டா பஸ்ஸை நிப்பாட்டிப் போடச் சொல்லுவாரு. பின்னால முப்பது பேரு திட்டுவான். சிரிச்சுக்கிட்டே நிப்பாரு.

அதனாலதான் இன்னாசி அவரை நம்புனான்.

உழுறவன் பேரை ரெக்கார்டுல ஏத்தணும்னு சட்டம் வந்த வருஷம் அது. இராஜாங்கம் பண்ணையோட மூணு மா நிலத்தை இன்னாசி பதினெட்டு வருஷமா குத்தகைக்கு உழுதுக்கிட்டு இருந்தான். அளந்த நெல்லுக்குப் பண்ணை ஒரு நாளும் சீட்டு குடுத்ததில்ல. ரெக்கார்டுல பேரு ஏறிட்டா அவனை யாரும் கெளப்ப முடியாது. ஏறலைன்னா மறுநாளே அந்த வரப்புல கால் வைக்க முடியாது.

இராஜாங்கம் லேசுப்பட்டவரா? ஆட்சி மாறுன மறுநாளே வேட்டிக் கரையை மாத்துனவரு. தையறுப்போட இன்னாசியே நிலத்தை விட்டுட்டான், இந்தக் குறுவை என் பண்ணையாளுங்க நட்டதுன்னு மனு எழுதிப் போட்டுட்டாரு.

விவசாய சங்கத்து முருகையன் வந்து, பத்து ஆளைச் சாட்சிக்குக் கூட்டியாரேன்னாரு. இன்னாசி கையெடுத்துக் கும்புட்டுட்டான்.

"பத்து வாயி எதுக்குங்க? பொய் பேசாத வாயி ஒண்ணு இருக்கு. தெனம் காலையில என் வயலோரமாத்தான் போவுது. அது போதும்."

நெசந்தான். கோயில்லேருந்து பள்ளிக்கூடத்துக்கு வாய்க்கா கரைதான் வழி. கரைக்கு மேக்கால ஒட்டுனாப்ல இன்னாசி வயலு. எட்டு மணி அடிச்சா உபதேசியார் குடையும் கையுமா அந்த வழியா வருவாரு.

இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்த வைகாசியிலதான் உபதேசியார் மகளுக்கு டீச்சர் வேலை ஆர்டர் வந்துச்சு. கட்சி ஆளுங்களுக்கு லெட்டர் குடுத்து விட்டது பண்ணை. அதுக்கும் இதுக்கும் என்னய்யா சம்பந்தம்னு என்னைக் கேக்காதீங்க. நான் ஒண்ணும் சொல்லல.

வெசாரணை பள்ளிக்கூடத் தாழ்வாரத்துலயே நடந்துச்சு. தாசில்தாரு மூக்கால பேசுறவரு. இன்னாசி களை பறிச்சுக்கிட்டு இருந்தவன் அப்படியே வந்து நிக்கிறான். முழங்கால் மட்டும் சேறு காஞ்சு போயிருக்கு. அது எந்த வயலு சேறுன்னு யாரும் கேக்கல.

உபதேசியார் பைபிள்ல கை வச்சாரு.

"இந்தக் குறுவையில இன்னாசி அந்த வயல்ல உழுதோ நட்டோ நீங்க உங்க கண்ணால பாத்தீங்களா?"

"இல்லைங்க. பாக்கல."

"தெனம் அந்த வழியாத்தான போறீங்க?"

"ஆமாங்க. தெனம் போறேன். பாக்கல."

ஆமான்னா ஆமா. இல்லன்னா இல்ல.

தாசில்தாரு எழுதிக்கிட்டாரு. இராஜாங்கம் வெத்தலைப் பொட்டியைத் தொறந்தாரு. கூட்டம் மொத்தமும் இன்னாசி பக்கம் திரும்புச்சு. உபதேசியாரே பாக்கலைங்கிறப்ப இவன் எங்கேருந்து உழுதான்னு ஒருத்தன் முணுமுணுத்தான். கோயில்ல இன்னாசிக்குப் பக்கத்துல மண்டி போடுற ஆளுதான். நிலத்துக்காகப் பொய் சொல்றானே, இவனெல்லாம் பூசையில எப்படி நன்மை அப்பம் வாங்குறான்னு இன்னொருத்தன்.

இன்னாசிக்கே சந்தேகம் வந்துட்டாப்ல இருந்துச்சு. குனிஞ்சு தன் காலைப் பாத்தான்.

உபதேசியார் படியிறங்கிக் குடையை விரிச்சாரு.

கரையில தெனம் புல்லறுக்குற ராமாயி, தலையில கட்டோட வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னா. சட்டமும் தெரியாது, சாட்சியும் தெரியாது. குடையைப் பாத்ததும் அவளுக்கு ஏதோ ஞாபகம் வந்துட்டுது.

"ஏங்க வாத்தியாரய்யா, நானும் வைகாசிலேருந்து கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். காலையில வெயிலு கெழக்காலதான அடிக்குது? இன்னாசி ஏரு ஓட்டுற எடம் வந்ததும் நீங்க மட்டும் குடையை மேக்கால சாச்சு மூஞ்சிய மூடிக்கிட்டுப் போறீங்களே, அது எதுக்குங்க?"