தூங்காத காளை

"சார், இதுவா தூங்கி விழப்போற மாடு?"

கம்பவுண்டர் நல்லகாமன் கேட்டு வாய் மூடுவதற்குள், மாயக்காளின் செவலைக் காளை வாடிவாசலைத் தாண்டி வந்து, எதிரே நின்ற இரண்டு பேரை வைக்கோல் பிரி போல ஒதுக்கித் தள்ளிவிட்டுத் திடலை ஒரு சுற்றுச் சுற்றியது. திமிலைத் தொட்டவன் தொட்டதோடு சரி.

மாட்டு டாக்டர் சிஹாபுதீன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பின்னே என்ன? நரம்பை அடக்கித் தூங்க வைக்கும் மருந்து ஒன்றை அவர் மாதக்கணக்கில் ஆராய்ந்து வருகிறார். முதலில் முயலுக்குக் கொடுத்தார். காதைத் தொங்கப்போட்டுத் தூங்கியது. பிறகு ஆட்டுக்குக் கொடுத்தார். காலையில் படுத்த ஆடு சாயங்காலம் எழுந்து, ஒன்றுமே நடக்காதது போலத் தழை தின்றது. காளையிலும் பலித்துவிட்டால், இனி அறுவைச் சிகிச்சைக்காக நாலு பேர் கயிறு போட்டு மாட்டைச் சாய்க்க வேண்டியதில்லை. நாளை மறுநாள் சென்னைப்பட்டணத்திலிருந்து பெரிய துரை வருகிறார். "முரட்டுக் காளைக்குக் கொடுத்துப் பார்த்தாயா?" என்பார். இல்லையென்றால் இத்தனை நாள் பாடும் குப்பைக்கூடைக்குத்தான்.

ஆனால் அலங்காநல்லூர் சுற்று வட்டாரத்தில் ஒருவரும் மாடு தர இசையவில்லை. "சல்லிக்கட்டு மாட்டுக்கு மயக்க மருந்தா? எங்க மானத்த வாங்க வந்தீகளா?" என்று சீறினார்கள். மாட்டாஸ்பத்திரியில் முயலுக்கும் ஆட்டுக்கும் தழை போடும் மாயக்காள் ஒருத்திதான் தானாக முன்வந்தாள். "சல்லிக்கட்டு அன்னைக்கு ஏங் காளைக்குக் குடுத்துப் பாக்குறேங்கய்யா. சீசாவ ஏங்கிட்டக் குடுங்க."

நல்லகாமன் அன்றைக்கே சொன்னான். "நம்பாதீங்க சார். மாடு பிடிபட்டாலே மறுநா தெருவுல தல காட்ட முடியாது. அதைத் தூங்க வைக்கிறதுக்கு இந்த ஊர்ல எவளும் சம்மதிக்க மாட்டா."

"அவ புருசன் மாடு குத்திச் செத்தவன்யா. தன் மாட்டாலயாவது இன்னொரு உசுரு போகக் கூடாதுன்னு நெனைக்கிறா. உனக்குத்தான் அது புரியல" என்று அவன் வாயை அடைத்தார் டாக்டர்.

இப்போது நல்லகாமன் வாய்க்குள் சிரித்துக்கொண்டான். அதுதான் டாக்டருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த மாடும் பிடிபடாமல் ஓடியது. கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "எங்கப்பா முத்திருளன்? அவன் இருந்தா இந்நேரம் திமில்ல தொங்கியிருப்பான்!"

"மாட்டப் பாத்ததும் காய்ச்சல் கண்டிருக்கும் மாப்ள!" என்று இன்னொருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டருக்கு யார் தொங்கினால் என்ன, விழுந்தால் என்ன? குடையை இடுக்கிக்கொண்டு மாயக்காளின் வீட்டுக்கு விறுவிறு என்று நடந்தார். காளையை அவிழ்த்துவிட்டதெல்லாம் அவள் தம்பிதான். அவள் திடல் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. சாத்திய கதவில் முதுகைச் சாய்த்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா! மருந்து குடுத்தியா, இல்லையா?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கய்யா."

"என்னத்த மெதுவாப் பேசுறது? ஊரே பாத்துச் சிரிக்குது! குடுத்தியா?"

"குடுத்தேங்கய்யா. காலையில ஏங் கையாலதான் குடுத்தேன்."

"எதுல கலந்து?"

"கருப்பட்டிப் பானகத்துல. கசப்புத் தெரிஞ்சா துப்பிரும்ல?"

"துப்புச்சா?"

"சொட்டு விடாம உள்ள போயிருச்சு."

"அப்ப சீசாவைக் காட்டு."

மாயக்காள் மடியிலிருந்து சீசாவை எடுத்து நீட்டினாள். டாக்டர் அதை வெயிலில் தூக்கிப் பார்த்தார். பெரும்பகுதி அப்படியே இருந்தது.

"யா அல்லா! எம்புட்டுத்தாம்மா குடுத்தே?"

அவள் குனிந்துகொண்டாள். "நீங்க ஆட்டுக்குக் குடுத்த அளவுங்கய்யா."

"ஆட்டு அளவா! ஆடு எங்கே, காளை எங்கே? காளைக்கு அது நாக்கு நனையக் காணுமா? கூடவே இருந்து எல்லாத்தையும் பாத்தியே. எம்புட்டுக் கனத்துக்கு எம்புட்டு மருந்துன்னு நச்சு நச்சுன்னு கேட்டியே! எல்லாம் கேட்டுட்டு இப்பிடிக் கவுத்துட்டியே! நாளைக் கழிச்சு வர்ற துரைகிட்ட நான் என்னத்தச் சொல்வேன்?"

"கோவிச்சுக்காதீங்கய்யா. அந்த ஆடு சேதாரமில்லாம எந்திரிச்சுத் தழை தின்னதப் பாத்தப்புறந்தான் எனக்கே துணிச்சல் வந்துச்சு."

"ஆடு எந்திரிச்சதுக்கும் காளைக்கும் என்னம்மா சம்பந்தம்?"

மாயக்காள் எழுந்து, ஓசைப்படாமல் கதவைத் திறந்தாள்.

உள்ளே, மாடு பிடிக்கப் போவதற்காக வரிந்து கட்டிய வேட்டியோடு, காலிச் சொம்பு பக்கத்தில் உருண்டு கிடக்க, வாட்டசாட்டமான ஓர் இளவட்டம் வாய் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"ஏம் மகன் முத்திருளங்கய்யா, அப்பனக் குடுத்த வாடிவாசலுக்கு இவனையும் குடுக்க மனசு வரல" என்ற மாயக்காளின் குரல் அப்போதுதான் முதல் தடவையாக நடுங்கியது. "அந்த ஆடு மாதிரியே இவனும் சாயங்காலம் எந்திரிச்சிருவான்லய்யா?"