யோகம்மாவின் வலது கை

ஜம்புப் பழத்தைத் துண்டு துண்டாக நறுக்கி மனைவிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார் விநாசித்தம்பி. கொடுத்துவைத்தவள் என்று பினாங்கு மருத்துவமனையின் அந்த வார்டே பெருமூச்சு விட்டது.

ஆறு வருடங்களுக்கு முன் கொதிக்கும் எண்ணெய் பட்டு, உள்ளங்கை தழும்பேறிச் சுருங்கி, விரல்கள் மடங்கியே போன கை யோகம்மாவுடையது. பாசாரில் காய்கறி வாங்கும்போது தற்செயலாக அதைப் பார்த்த டாக்டர் ஹமீதாதான் வரச்சொல்லியிருந்தார்.

“எப்படி ஆச்சு?”

“வடை சுட்டா, சட்டி கவுந்துருச்சு,” என்றார் விநாசித்தம்பி, மனைவி வாய் திறக்குமுன்.

ஹமீதாவுக்கு ஒன்று உறுத்தியது. அடுப்பிலிருந்து சட்டி கவிழ்ந்தால் காலில் அல்லவா கொட்டும்? யோகம்மாவின் காலில் பொட்டுத் தழும்புகூட இல்லை. ஆனால் இவ்வளவு நல்ல மனிதரிடம் என்னத்தைக் கேட்பது?

“கெலுகோர் லேப்ல ஒங்க தோல்லேருந்து குருத்தணு எடுத்து, மீன் தோல்ல செஞ்ச வலையில வளக்கிறோம் அக்கா. தழும்ப வெட்டிட்டு அந்த எடத்துல அத வச்சுத் தைப்போம். புதுசு. நிச்சயமா சொல்ல முடியாது.”

“மீன் தோலா?” விநாசித்தம்பி பதறினார். “நாங்க சுத்த சைவம்லா. வேணாம் டாக்டர். அவளுக்குக் கை எதுக்கு, நான் இருக்கேன்ல?”

“அத நான் திங்கப் போறதில்ல,” என்றார் யோகம்மா. வார்டுக்கு வந்தபின் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான். “சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன். நீங்க வைங்க டாக்டர்.”

வைத்தார்கள். ஒட்டியது. அதன்பின் யோகம்மா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. வலியில் கண்ணீர் வழியும், ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை நீட்டுவார். நர்ஸ் ரொஸ்னா போதும் என்றாலும் கேட்கமாட்டார்.

“புருஷனுக்குத் தன் கையால சோறு போடணும்னு ஆசை, பாவம்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் ரொஸ்னா.

மூன்று மாதம் கழித்து ஹமீதாவின் முன்னால் ஐந்து விரல்களும் முழுசாக விரிந்தன. ஹமீதாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

“பாத்தியா? நான் அப்பவே சொன்னேன்ல,” என்று சிரித்தபடி குனிந்தார் விநாசித்தம்பி.

பளார்.

அறைந்த கையைத் திருப்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார் யோகம்மா.

“சட்டி கவுழல, டாக்டர். இவரு என் மூஞ்சியில ஊத்த வந்தாரு.”