சிரிக்கக் கூடாத படம்

“நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது? பேரன் பேத்தி எடுக்கப் போற வயசுல என் பொண்டாட்டி மூஞ்சியை மாத்திக்கப் போறாள்னு சொல்றதா?”

அப்பா இதை மறுபடியும் சொன்னார். ஒரு வார்த்தைகூட மாறவில்லை. சத்தம் மட்டும் ஏறியிருந்தது.

அம்மா ஹால் சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றி வைத்தாள். போட்டோவில் பின்னால் வெறும் சுவர் இருக்க வேண்டுமாம்.

“முகத்துல ஒரு ஆபரேஷன் பண்ணிக்கணும். அதுக்கு முன்னாடி போட்டோ அனுப்பணும்” என்று சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்திருந்தாள். மீதியைச் சொல்ல யார் விட்டார்கள்? இந்த வீட்டில் அம்மா ஒரு வாக்கியத்தை முற்றுப்புள்ளி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

படம் எடுக்கிற வேலை மகளுக்கு. ஒரு செல்ஃபிக்கு அரை மணி நேரம் கழுத்தை வளைக்கிற பெண். மருத்துவமனையிலிருந்து வந்திருந்த செய்தியைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மேக்கப் கூடாது. கம்மல் கூடாது. முடியை இழுத்துக் கட்டணும். கேமரா கண்ணுக்கு நேரா இருக்கணும். தள்ளி நின்னு எடுக்கணும், கிட்ட வந்தா மூக்கு பெருசாத் தெரியுமாம். முக்கியமா, சிரிக்கக் கூடாது. என்னம்மா இது, அசிங்கமா எடுக்கச் சொல்றாங்க?”

“இருக்கிறபடி எடுக்கச் சொல்றாங்க.”

“எதுக்கு?”

“ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி இருக்கும்னு கம்ப்யூட்டர்ல முன்கூட்டியே காட்டுவாங்களாம். தாடையில...”

“தாடையா!” என்று உள்ளேயிருந்து வந்தாள் அத்தை. அப்பாவின் தங்கை. ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவள். அந்த வாரம் இன்னும் முடியவில்லை. “தப்பா நினைக்காதீங்க அண்ணி, உங்க தாடை கொஞ்சம் அகலம்தான். நானே சொல்லணும்னு இருந்தேன்.”

அம்மா கம்மலைக் கழற்றினாள். முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றாள்.

மத்தியான வெயில் ஜன்னல் திரை வழியே வடிந்து வந்தது. திரை அசைய அசைய, வெளிச்சம் அம்மாவின் நெற்றியில் ஏறி, கன்னத்தில் இறங்கியது; அவள் தண்ணீருக்கு அடியில் நிற்பவள் மாதிரி இருந்தாள். பேச்சுச் சத்தமெல்லாம் அவளுக்கு எங்கோ கரையிலிருந்து கேட்டது.

“நேரா பாரும்மா. இப்ப இந்தப் பக்கம். பாதி திரும்பு. சிரிக்காதே.”

“நான் எங்கேடி சிரிச்சேன்?”

அடுத்த அறையில் இருந்தபடியே திட்டிக்கொண்டிருந்த அப்பா, மெதுவாக மகளின் தோள் பக்கம் வந்து நின்று போனை எட்டிப் பார்த்தார்.

“சரி, பண்றதுன்னு ஆயிடுச்சு. அந்த நெத்திச் சுருக்கத்தையும் எடுத்துடச் சொல்லு. எப்பப் பாரு கோபமா இருக்கிற மாதிரியே தெரியுது.”

“அது கோபமேதான் அண்ணா” என்றாள் அத்தை. “அண்ணி, கழுத்துல தொங்குதே, அதையும் சேர்த்துச் சொல்லுங்க. ஒரே செலவோட முடிஞ்சிடும்.”

“வாய் ஓரம்கூட ஒரு பக்கம் இறங்கியிருக்கும்மா” என்றாள் மகள். “ஊசியிலயே சரி பண்ணிடுவாங்க. மூக்கு நுனியையும் கொஞ்சம் தூக்கிட்டா, நீ வேற ஆளு!”

நாலு பேருக்கு என்ன பதில் சொல்வது என்ற கவலை அப்பாவுக்கு எப்போதோ போயிருந்தது. மூன்று தலைகளும் ஒரே போனுக்குள் குனிந்து, அம்மாவை அங்கங்கே வெட்டி, அங்கங்கே தூக்கி, வெகு சந்தோஷமாக இருந்தன.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“பல்லுவலின்னு போயிட்டு வந்தேனே, அது பல்லு இல்லை. தாடை எலும்புல கட்டி. புற்று இல்லையாம், பயப்படாதீங்க. ஆனா அந்தப் பக்கத்து எலும்பையே எடுக்கணுமாம். கால் எலும்புல ஒரு துண்டை வெட்டி அங்க வச்சு, முகத்தைத் திரும்பக் கட்டுவாங்களாம்.”

யாரும் குறுக்கே பேசவில்லை. பழக்கம் இல்லாததால் அம்மாவுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“கட்டறதுதான் கட்டறோம், அழகாவே கட்டிடலாமான்னு கேட்டாரு டாக்டர். வேண்டாம், அகலமோ கோணலோ, இருந்த மாதிரியே திருப்பிக் குடுங்கன்னு சொல்லிட்டேன். அதுக்குத்தான் இந்தப் படம்.”

மகள் போனைக் கீழே வைக்கப் போனாள்.

“வைக்காதேடி, இன்னும் வேலை இருக்கு. எனக்குத் தெரிஞ்சது கண்ணாடியில பார்க்கிற முகம்தானாம். அது இடம் வலம் மாறினது, அதை நம்பிச் செய்ய முடியாதுன்னாரு. வீட்டுல தினம் பார்க்கிறவங்க ‘இதுதான் அவங்க’ன்னு ஒரு படத்தைக் காட்டட்டும், அதை வச்சுச் செய்யறேன்னாரு.”

போன் மகள் கையிலிருந்து அத்தை கைக்குப் போனது. அத்தையிடமிருந்து அப்பாவிடம். அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். கடைசிப் படம் வந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

“எது என்னை மாதிரி இருக்குன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்களேன்.”